சர்க்கார் கொடுத்த அட்வான்ஸ்

கால்நடை மருத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சென்னையிலிருந்து கார்டு வந்த அன்று, சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். அறுபதுகளின் பிற்பாதி அது. காஞ்சிபுரத்திலேயே பி.யு.சி. முடித்திருந்தேன். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிற படிப்புக்குத்தான் முதலில் போட்டேன், மார்க் போதவில்லை. கூடவே இதற்கும் போட்டு வைத்தேன். ஏன் போட்டாய் என்று கேட்டால், சிநேகிதி ஒருத்தி போட்டாள், அதனால் நானும் போட்டேன். அவளுக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. அதுவரைக்கும் நான் மாட்டைத் தொட்டது மாட்டுப் பொங்கலன்று மட்டும்தான், அதுவும் கொம்பு அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது.

அப்பா பட்டு நெசவாளி. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் கோர்வைச் சேலை நெய்கிறவர். அந்தச் சேலைக்குத் தறியில் ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூலைக் கொண்டோடும் கட்டையை, நாடா என்போம் அதை, போட்டு வாங்க இன்னொருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் நான்தான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் போய்வந்த பின்னும், பிறகு கல்லூரி நாட்களிலும், என் பாட்டுக்கு வாயில் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு கையில் நாடாவைத் தள்ளிக்கொண்டிருப்பேன். அதனால்தான் அந்த கார்டைப் படித்துக் காட்டியதும் அம்மா முதலில் கேட்டது படிப்பைப் பற்றி இல்லை.

"இவ போய்ட்டா கரைக்கு ஆள் வெக்கணும். அந்த ஆளுக்குக் கூலி. இவளுக்கு மெட்ராஸ்ல சாப்பாடு, ரூம்பு. ரெண்டு பக்கமும் செலவு. வரவு எங்கேர்ந்து வரும்?" என்றாள் அம்மா.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பிரச்சினை என்னவென்றால், அதற்குப் பதில் தெரிந்தவர் எங்கள் தெருவிலேயே கிடையாது. வாத்தியார் சம்பளம் என்னவென்று தெரியும். தபால்காரர் சம்பளம் தெரியும். மாட்டு டாக்டர் என்ன சம்பாதிப்பார் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் கைநிறையக் கிடைக்கும் என்றார். இன்னொருவர், மாடு எங்கேயாவது காசு கொடுக்குமா என்று சிரித்தார். வேறொருவர், அது பொம்பளைப் பிள்ளை படிக்கிற படிப்பே இல்லை என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு இந்த மாதிரி விஷயத்தில் ஒரு கொள்கை உண்டு. சேலையின் விலை தெரிய வேண்டுமானால் விற்கிறவனைக் கேட்கக் கூடாது, வாங்கிப்போகிறவளைக் கேட்க வேண்டும். அதன்படி மாட்டு வைத்தியத்தின் விலையை மாடு வைத்திருப்பவரிடம் கேட்பது என்று முடிவு செய்து, ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு சர்க்கார் கால்நடை ஆஸ்பத்திரி இருந்தது. வாசலில் மரத்தடியில் மாடுகளும் மனிதர்களுமாக நின்றிருந்தார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்து வீங்கிய எருது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவரிடம் போய் நின்றார். மாகறலிலிருந்து வந்தவராம்.

"டாக்டருக்கு எவ்ளோ குடுப்பீங்க?" என்று நேராகவே கேட்டார் அப்பா.

"காசா? மாட்டு டாக்டருக்கு யாருபா காசு குடுப்பாங்க? இது சர்க்கார் ஆஸ்பத்திரி. நமக்கு மனசு குளுந்துச்சின்னா பூசணிக்கா, வேர்க்கல்ல, இந்த மாதிரி எதுனா குடுக்கறதுதான்."

அப்பா முகத்தை மாற்றாமல், "மாசத்துக்கு எத்தினி பூசணிக்கா சேரும்?" என்று கேட்டார். விவசாயி இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு எருதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டர் இளவயசுக்காரர். கை கழுவிக்கொண்டே எங்களிடம் பேசினார். சம்பளம் முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே என்றார். அப்பா அசந்துபோனார். நல்ல மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் கூலியைப் போல அது மூன்று பங்கு. ஆனால் அடுத்த மூச்சிலேயே டாக்டர், படித்து முடித்ததும் வேலை கிடைத்துவிடாது, தனக்கு ஒரு வருஷத்துக்கும் மேலே ஆயிற்று, அதுவரை ஊரில் சும்மா சுத்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எனக்குப் புரிந்த கணக்கு அந்த இடத்தில் மறுபடியும் புரியாமல் போயிற்று.

"படிப்பு செலவுக்கு இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார் அப்பா.

"சர்க்கார் ஸ்காலர்ஷிப் வாங்கினேன். சும்மா குடுக்கறது இல்ல, கடனா குடுக்கறது. வட்டி கெடையாது. வேலைக்கு வந்தப்புறம் மாசாமாசம் திருப்பிக் கட்டணும். நான் இன்னும் கட்டிகினுதான் இருக்கறேன்."

வட்டி கிடையாது என்ற இடத்திலேயே அப்பாவின் காது மூடிக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "உனுக்கு வேல கெடைச்ச மாதிரிதாம்மா" என்றார். எப்படி நைனா என்று கேட்டேன். "அதான் சர்க்காரே அட்வான்ஸ் குடுக்குதே."

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் தெரிய வேண்டும். நெசவாளி ஒருவர் ஒரு முதலாளியிடம் சேரும்போது முதலாளி அவருக்கு ஒரு தொகை முன்பணமாகக் கொடுப்பார். அட்வான்ஸ் என்றுதான் சொல்வோம். அதற்கு வட்டி கிடையாது. கூலியில் பிடிக்கவும் மாட்டார்கள். அது பாட்டுக்கு வருஷக்கணக்காக அப்படியே நிற்கும். அது நிற்கிறவரை வேறு முதலாளிக்கு நெய்யக் கூடாது. அதே மாதிரி, அட்வான்ஸ் கொடுத்த முதலாளி, தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூலும் ஜரிகையும் விடாமல் கொடுத்தாக வேண்டும். பாவு வராமல் தறி சும்மா கிடந்தால், முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட நெசவாளிக்கு உரிமை உண்டு. முதலாளியை மாற்ற வேண்டுமானால் நின்ற தொகை முழுவதையும் எண்ணி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

எனவே அப்பாவின் கணக்கில் கடன் வேறு, அட்வான்ஸ் வேறு. கடன் என்றால் வட்டி, அவமானம். அட்வான்ஸ் என்றால் வேலை. வட்டி இல்லாமல் சர்க்கார் பணம் கொடுக்கிறது என்றால், அது நம்மை வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

"அது கடன் நைனா. படிச்சி முடிச்சி வேல கெடைக்கலன்னாலும் திருப்பிக் கட்டணும்" என்றேன்.

"வட்டி இல்லாம எவம்மா கடன் குடுப்பான்?"

உண்மையாகவே, எவன் கொடுப்பான்? இரண்டு நாள் அதையே யோசித்ததில் அவர் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே பட ஆரம்பித்தது. பி.யு.சி. படித்தவள் நான்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் பேரில் அவர் முதலாளியிடம் நின்ற அட்வான்ஸ் எங்கள் தெருவிலேயே பெரியது. எண்ணூறு ரூபாய். யாராவது பேச்சு வாக்கில் கேட்டால் அதைப் பெருமையாகச் சொல்லுவார், கை சுத்தமான நெசவாளிக்குத்தானே அவ்வளவு கொடுப்பார்கள் என்று. அதே அப்பாதான் அந்த எண்ணூறை அடைத்துவிட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்று மாதாமாதம் சீட்டும் கட்டிக்கொண்டிருந்தார். சங்கத்தில் யாரும் யாரையும் "எங்கடா போயிருந்த" என்று கேட்க மாட்டார்கள், தீபாவளிக்கு போனஸ் உண்டு, பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்பார். பெருமைப்படுகிற ஒன்றிலிருந்து விடுபட ஒரு மனிதர் ஏன் சீட்டுக் கட்ட வேண்டும் என்பது அந்த வயசில் எனக்கு விளங்கவே இல்லை. கேட்டால், "ரெண்டும்தாம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவரும் விளக்கவில்லை.

விஷயம் முதலாளி காதுக்கும் போயிற்று. அவர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "பொண்ணு படிப்புக்கு நான் இல்லையாபா? அட்வான்ஸ இன்னும் ஏத்தித் தரேன். உன் பேர்லயே நிக்கட்டும்" என்றாராம். நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை வாங்கினால் சங்கம் என்பது ஏழு கடல் தாண்டிப் போய்விடும். அப்பா கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து, "என் அட்வான்ஸ் என்னோட. உன் அட்வான்ஸ் உன்னோட. நீ சர்க்கார்கிட்ட வாங்கிக்க" என்றார். கூரத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். இப்படித்தான் நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போனேன். விருப்பப்பட்டுப் போனேனா என்று கேட்காதீர்கள்.

சென்னையில் நான் பட்டது ஒரு தனிக் கதை. வகுப்பில் என்னைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் மாட்டோடு வளர்ந்தவர்கள். மாடு எந்தப் பக்கம் உதைக்கும் என்பது அவர்களுக்குப் பிறக்கும்போதே தெரிந்திருந்தது. நான் உதை வாங்கித் தெரிந்துகொண்டேன். பணமும் அப்படித்தான். கடன் தொகை வரும் வரும் என்பார்கள், மெஸ் பில் கட்டவேண்டிய நாள் வந்துவிடும், அது வராது. அந்த மாதிரி நேரத்தில் அப்பா மணியார்டர் அனுப்புவார். எதைக் குறைத்து அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். என் இடத்தில் கரைக்கு உட்காரப் பக்கத்துத் தெரு அக்கா ஒருவரைக் கூலிக்கு வைத்திருந்தார். அதில் மிச்சம் பிடிக்க முடியாது. சீட்டைத்தான் நிறுத்தி நிறுத்திக் கட்டினார்.

ஹாஸ்டலில் எல்லோருக்கும் இதே பேச்சுதான். ஒருத்தி வீட்டில் காணி நிலத்தை விற்றுப் படிக்க வைத்தார்கள். இன்னொருத்தி என்னைப் போலக் கடன். சம்பளம் இவ்வளவு, தவணை இவ்வளவு, வேலை வராத மாதங்கள் இவ்வளவு என்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கணக்குப் போடுவோம். இதே ஐந்து வருஷமும் நான் தறியிலேயே உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்பதையும் நான் சேர்ப்பேன். அதைச் சேர்த்தால் ஒரு விடை வரும், சேர்க்காவிட்டால் ஒரு விடை. முதல் வருஷம் இந்தப் படிப்பு நஷ்டம் என்று வந்தது. மூன்றாம் வருஷம் லாபம் என்று வந்தது. கடைசி வருஷம் போட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேலை வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, ஆறு மாதம் போயிற்று. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அவள் கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறுபடியும் தறியில் உட்கார்ந்து கரை போட்டேன். டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து நாடா தள்ளுகிறாள் என்று பார்க்கவே சிலர் வந்துபோனார்கள். அப்பா மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை. அவர் கோபப்பட்டார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பாவு கொடுக்காத முதலாளி மேல் நெசவாளிக்கு வருகிற கோபம் அது.

ஒரு நாள் வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, என்னையும் கிளம்பச் சொல்லி, ஒரு சர்க்கார் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். வேண்டாம் நைனா, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா முன்னால் போய் நின்றார்.

"எம் பொண்ணுக்கு சர்க்கார் அட்வான்ஸ் குடுத்து அஞ்சாறு வருசம் ஆவுது. படிச்சி முடிச்சி வந்து உக்காந்துகினு இருக்குது. வேல எங்கேங்க?"

குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. "என்ன அட்வான்ஸ்?"

"வட்டியில்லாம குடுத்தீங்களே. அட்வான்ஸ் குடுத்துட்டு தறிய சும்மா போட்டா எப்படிங்க? எங்க மொதலாளி கூட இப்படிப் பண்ண மாட்டாரு."

குமாஸ்தா பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, அப்பாவை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அப்பா இன்னும் சத்தமாகச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு குமாஸ்தா என்னைப் பார்த்து, வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்திருக்கிறாயா, பதிந்திருந்தால் காத்திரு என்றார். எனக்கு அப்பா மேல் எரிச்சல், சிரித்தவர்கள் மேல் அதைவிட எரிச்சல். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இது நடந்து சில வாரங்களில் எனக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. அது வரவேண்டிய நேரம், வந்தது. ஆனால் அப்பாவிடம் அதைச் சொல்ல முடியுமா? "வாசல்ல போய் நின்னு கேட்டாத்தான் பாவு வரும்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் அது கடன்தான் என்று அவருக்கு விளக்குவதை நான் விட்டுவிட்டேன்.

போட்ட இடம் ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு வறண்ட ஊர். தண்ணீர் இல்லை, பேச ஆள் இல்லை. பொம்பளை டாக்டர் தொட்டால் காளைக்கு ஆகாது என்று ஒருவர் தன் காளையைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார். சம்பளம் வரும். அதில் மாதாமாதம் கடன் தவணை போகும், வீட்டுக்கு ஒரு பங்கு போகும், மிச்சத்தில் நான் சாப்பிடுவேன். முதல் விடுமுறைக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகத் தவணையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அப்பா நாடாவைக் கீழே வைத்தார்.

"கூலியில புடிக்கறானா?"

"புடிக்கல நைனா, நானே கட்டறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். அட்வான்ஸ கூலியில புடிக்கறவன் நல்ல மொதலாளி இல்லம்மா."

அந்த விடுமுறையில்தான் இன்னொரு பேச்சும் வந்தது. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர் கோழிப் பண்ணை ஆரம்பித்திருந்தார். பண்ணைக்கு டாக்டராக நான் வருகிறேனா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். சம்பளம் சர்க்கார் சம்பளத்தைவிடக் குறைவு. ஆனால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், அம்மா கையால் சாப்பிடலாம். நான் மறுபடியும் கணக்குப் போட்டேன். தவணை கட்டிய பிறகு மில்காரர் தருவதில் கையில் நிற்பது பஸ் செலவுக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாப்பிடும்போது என்னையறியாமல் அழுதுவிட்டேன். இப்போதே வந்துவிடேன் என்று அம்மா கேட்டாள்.

"எப்படிம்மா வரது? கடன் முடியற வரைக்கும் நான் அங்கதான் கெடக்கணும்" என்றேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போனேன். போன இடத்தில், நான் எதிர்பார்க்காத விதமாக, நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறிற்று. ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ஒரு அம்மாள் ஓடி வந்தார். உள்ளே கன்றின் முன்கால் மடிந்திருந்தது. என் ஒல்லிக் கைக்கு அன்று முதல் தடவையாக ஒரு மரியாதை கிடைத்தது. கன்று உயிரோடு வந்தது. அந்த அம்மாள் என் காலைத் தொட வந்தார், நான் சேற்றில் வழுக்கி அவர் மேலேயே விழுந்தேன். அதற்கப்புறம், "டாக்டரம்மாவையே கூட்டிட்டு வாங்க" என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி அனுப்பினார்கள். காளையைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனவரும் வந்தார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் காளையை மட்டும் காட்டினார். எனக்கு அது போதும்.

எனக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோழிப் பண்ணையை நினைத்தால் முன்னே மாதிரி ஏக்கம் வரவில்லை. போகவேண்டும் என்று இருந்ததா, இருக்கவேண்டும் என்று இருந்ததா? நல்லவேளையாக அதை நான் யோசிக்கவேண்டிய அவசியம் இல்லை. கடன்தான் இருக்கிறதே. அது முடிகிறவரை இங்கேதான் என்று எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது.

அடுத்த தடவை விடுமுறைக்கு வந்தபோது, பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சலானை எடுத்து என் கையில் கொடுத்தார். கூரத்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போய், என் பேரில் நின்ற பாக்கி முழுவதையும் கஜானாவில் கட்டிவிட்டிருந்தார்.

"முடிச்சிட்டேம்மா. இனிமே சர்க்கார் உன்ன ஒண்ணும் கேக்க முடியாது. வாலாஜாபாத்தோ, எங்கியோ, நீ எந்திரிச்சி வரலாம்" என்றார்.

"ஏது நைனா இவ்ளோ பணம்?"

அம்மாதான் சொன்னாள். சங்கத்தில் சேருவதற்காகச் சேர்த்த சீட்டுப் பணம் முழுவதையும் எடுத்திருக்கிறார். அது போதாமல் முதலாளியிடம் போய், முன்னே வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்த அதே அட்வான்ஸை, அதற்கு மேலும், வாங்கியிருக்கிறார். தெருவில் இவ்வளவு பெரிய தொகை இதுவரை யார் பேரிலும் நின்றது கிடையாதாம். அதை அடைத்து அவர் சங்கத்துக்குப் போவது இனி நடக்கிற காரியம் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. யார் உங்களைக் கட்டச் சொன்னார்கள் என்றேன். அது கடன், அட்வான்ஸ் இல்லை, நான் எந்த வேலைக்குப் போனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கலாம், அதற்காக யாரும் யாரையும் பிடித்து வைக்க மாட்டார்கள் என்றேன். வட்டியே இல்லாத கடனை யாராவது அவசரப்பட்டு அடைப்பார்களா என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்றேன். நான் சொன்னது எல்லாமே சரி. ஒவ்வொன்றும் சரி. சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், சொல்லவேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிட்டேன்.

"நான் அந்த வேலைய விடப் போறதில்ல நைனா. கோழிப் பண்ணைக்குப் போகல. அங்கியே இருக்கலாம்னு பாக்கறேன்."

சொன்ன பிறகுதான் அது என் முடிவு என்று எனக்கே தெரிந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். இவ்வளவு பணமும் போய், அவர் சங்கமும் போய், கடைசியில் ஒன்றுக்கும் இல்லாமல் ஆகிவிட்டதே என்று அவர் இடிந்துபோவார் என்று நினைத்தேன். அப்பா சலானை என் கையிலிருந்து வாங்கி, நீவி, நான்காக மடித்து, மறுபடியும் என்னிடமே கொடுத்தார்.

"விட வாணாம்மா. நல்லா இரு. விடலாம்னு ஒண்ணு இருக்குது பாரு, அது போதும்."

சொல்லிவிட்டுத் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தார். முதலாளி வீட்டிலிருந்து அன்று காலைதான் புதுப் பாவு வந்திருந்தது.